காலில் படரும் சிலந்திச் சிரைகள்: ஊசிக்கும் லேசருக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையிலும், இந்தப் பக்கம் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வரையிலும், கத்தியும் தையலும் இல்லாமல் வெரிகோஸ் நோயைத் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரப் பலகைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் காணலாம். குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரத்தின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்கள், இரு மாநில மருத்துவமனைகளிலும் பணியாற்றும் செவிலியர், பள்ளி ஆசிரியைகள், இப்பகுதியினர் அண்டியாபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலைகளின் தொழிலாளர்கள் எனப் பலரும் அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் கால்களைக் கவனிக்கிறார்கள். தொடையின் வெளிப்புறத்திலோ முழங்காலுக்குப் பின்னாலோ கணுக்காலைச் சுற்றியோ சிவப்பும் ஊதாவுமாக மெல்லிய இழைகள் படர்ந்திருப்பதைக் கண்டதும், பலகையில் சொல்லப்படும் லேசர் தங்களுக்கும் வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் பலகைகள் பெரும்பாலும் குறிப்பிடுவது, புடைத்த பெரிய சிரைகளுக்காக இரத்தக்குழாய்க்குள் கம்பி செலுத்திச் செய்யப்படும் லேசர். மெல்லிய இழைகளுக்கான லேசர் வேறு. அது தோலுக்கு வெளியிலிருந்து பாய்ச்சப்படுவது. அதற்கும் முன்னதாக, இந்த இழைகளுக்கு இன்றும் முதல் தேர்வாக இருப்பது லேசரே அல்ல, மெல்லிய ஊசி வழியாகச் செலுத்தப்படும் ஒரு திரவம். எவருக்கு எது என்பதைக் கருவியின் விலையோ புதுமையோ தீர்மானிப்பதில்லை. சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையும் நோயாளியின் தோல் நிறமுமே தீர்மானிக்கின்றன.

சிலந்தி வலை போன்ற தோற்றத்தால் சிலந்திச் சிரைகள் எனப்படும் இவை, தோலின் உள்ளடுக்கிலேயே இருக்கும் நுண்சிரைகள் நிரந்தரமாக விரிந்துவிட்டதால் தெரிபவை. அகலம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலுக்குச் சற்றுக் கீழே பச்சையும் நீலமுமாகத் தெரியும் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையிலான குழாய்கள் வலைச்சிரைகள். நிற்கும்போது 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் விரிந்து, முறுக்கிப் புடைத்து நிற்பவையே வெரிகோஸ் என்னும் சுருள்சிரைகள். 1994-இல் வகுக்கப்பட்டு உலகெங்கும் பின்பற்றப்படும் சீப் என்ற தரவரிசையில் சிலந்திச் சிரைகளும் வலைச்சிரைகளும் சி-1 என்னும் நிலையில் வருகின்றன, சுருள்சிரைகள் சி-2, ஆறாத புண்ணோடு இருப்பவர்கள் சி-6. ஆகவே இழைகள் மட்டும் உள்ள ஒருவர் படிக்கட்டின் அடியில்தான் நிற்கிறார். இழை தோன்றிய எல்லோருக்கும் பின்னாளில் புண் வரும் என்று சொல்லிப் பயமுறுத்துவதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது.

இவை தோன்றுவதற்குக் காரணங்கள் பல. குடும்ப வழி மிக வலுவான காரணம்; தாய்க்கு இருந்தால் மகளுக்கும் பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் அளவு கூடுவதும், ஹார்மோன்கள் சிரைச்சுவரைத் தளர்த்துவதும், கருப்பை வயிற்றுச் சிரைகளை அழுத்துவதும் சேர்ந்து புதிய இழைகளைக் கொண்டுவருகின்றன. உடல் எடை, வயது, கருத்தடை மாத்திரை, பழைய அடிபட்ட இடம் ஆகியவையும் பங்கு வகிக்கின்றன. நெடுநேரம் நிற்பது இந்தப் பட்டியலில் தனி இடம் பெறுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது; அசையாமல் நிற்கும்போது அந்தத் தள்ளல் இல்லாமல் கணுக்கால் சிரைகளில் அழுத்தம் தேங்கி நிற்கிறது. மலைச்சரிவில் நாளெல்லாம் ஏறி இறங்கிப் பால் வெட்டும் ரப்பர் தொழிலாளியைவிட, ஒரே கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் விற்பனைப் பெண்ணின் கால்களுக்குச் சோதனை கடினமானது என்பதற்கு இதுவே காரணம்.

பெரும்பாலோருக்குச் சிலந்திச் சிரைகள் தொல்லை தருவதில்லை. சிலருக்கு மாலையில் பாரமும் எரிச்சலும் அரிப்பும் இருக்கும். இழைகள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தொடையின் வெளிப்புறத்தில் மட்டும் விசிறிபோலப் படர்ந்திருப்பவை பல சமயம் பெரிய சிரைகளோடு தொடர்பில்லாதவை. கணுக்காலின் உட்புறத்தில், பாதத்தின் ஓரமாக நெருக்கமாகத் திரண்டிருக்கும் நீல விசிறி வேறு வகை. ஆழத்திலுள்ள சிரைகளில் நாட்பட்ட அழுத்தம் இருப்பதன் அடையாளமாக அது கருதப்படுகிறது. 2020-இல் சீப் வரிசையைத் திருத்தியபோது அதைச் சி-1-லிருந்து பிரித்து, தோல் மாற்றங்களோடு சேர்த்து சி-4-இன் கீழ் வைத்தார்கள். அழகுக்காக நீக்கிவிடலாம் என்று வருபவரின் கணுக்காலில் இது இருந்தால் பேச்சு வேறு திசையில் போக வேண்டும்.

அந்தப் பேச்சின் முதல் படி டாப்ளர் ஸ்கேன். காலின் பெரிய மேற்சிரைகளில் வால்வுகள் பழுதுபட்டு இரத்தம் கீழ்நோக்கித் திரும்பி வருகிறதா என்று இதில் பார்க்கிறார்கள். நோயாளியை நிற்க வைத்து, கெண்டைக்காலை அழுத்தி விட்டபின், மேற்சிரையில் இரத்தம் அரை வினாடிக்கு மேல் திரும்பிப் பாய்ந்தால் வால்வுக் கோளாறு உண்டு என்று கொள்வது வழக்கம். இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. கால் வீக்கத்துக்காக எப்போதோ எடுத்த ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் நார்மல் என்று எழுதியிருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று மட்டும் படுக்கவைத்துப் பார்த்த ஸ்கேனாக இருக்கும். வால்வு வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அதில் விடை இருக்காது. புடைப்போ வீக்கமோ வலியோ இல்லாமல், தொடையின் வெளிப்புறத்தில் நாலைந்து இழைகள் மட்டும் உள்ளவருக்கு இந்த ஸ்கேன் கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு இதைத் தவிர்த்துவிட்டு ஊசி போடுவது, மேல்மடை கசியும்போது கடைவாய்க்காலை மட்டும் அடைப்பதற்கு ஒப்பாகும். சில மாதங்களில் அதே இடத்தில் இழைகள் திரும்பிவிடும்.

பெரிய சிரையில் கோளாறு இருப்பது உறுதியானால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இதற்கான ரேடியோ அலைச் சிகிச்சை 1990-களின் இறுதியிலும், குழாய்க்குள் செலுத்தும் லேசர் ஏறத்தாழ 2001-இலும் நடைமுறைக்கு வந்தன. பசை செலுத்திச் சிரையை ஒட்டும் முறை பின்னர் வந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவைக்கு முன்பாக ரேடியோ அலை, லேசர் ஆகிய வெப்பமுறைகளையும், அவை ஒத்துவராதபோது மருந்தை நுரையாக்கிச் செலுத்தும் ஊசியையும் வைத்தது. இவை அனைத்தும் சிறந்த முறைகள், ஆனால் சுருள்சிரைக்கானவை. ஒரு மில்லிமீட்டர் இழைக்குள் இந்தக் கம்பிகள் எதுவும் நுழையாது. டாப்ளரில் கோளாறு எதுவும் தெரியாத ஒருவருக்கு, இழைகளைக் காட்டி இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்காமல் சம்மதிக்கக் கூடாது.

இழைகளுக்கான முதன்மைச் சிகிச்சை ஸ்க்ளீரோதெரபி. பெயர் கடினமாக இருந்தாலும் செயல் எளிது. 30 அல்லது 32 கேஜ் ஊசி, அதாவது இன்சுலின் ஊசி அளவுக்கு மெல்லிய ஊசி, இழைக்குள் செலுத்தப்படுகிறது. அதன் வழியே சில துளி மருந்து போகிறது. மருந்து சிரைக்குள் பரவும்போது இழைகள் கண்ணெதிரே வெளுத்துப் போவதைக் காணலாம். மருந்து இரத்தக்குழாயின் உட்படலத்தைச் சிதைக்கிறது. சுவர்கள் ஒட்டிக்கொண்டு நாராகச் சுருங்குகின்றன. அடுத்த சில வாரங்களில் உடலே அதை உறிஞ்சிக்கொள்கிறது. காலுக்குத் தேவையான இரத்தம் வேறு ஆரோக்கியமான சிரைகள் வழியாகத் திரும்புவதால், இவற்றை இழப்பதால் தீங்கில்லை.

அதிகம் பயன்படும் மருந்துகள் இரண்டு. சோடியம் டெட்ராடெசில் சல்பேட் 1940-களிலிருந்தே வழக்கத்தில் உள்ளது. பாலிடோகனால் 1930-களில் உணர்விழக்கச் செய்யும் மருந்தாக உருவாக்கப்பட்டது. சிரைகளைச் சுருக்கும் அதன் குணம் பிறகுதான் கவனிக்கப்பட்டது. அந்தப் பழைய தொழில் இன்னும் அதில் மிச்சமிருப்பதால் ஊசி போடும்போது எரிச்சல் குறைவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010-இல் இதற்கு ஒப்புதல் அளித்தபோது சிலந்திச் சிரைகளுக்கு 0.5 சதவீதம், வலைச்சிரைகளுக்கு 1 சதவீதம் என்று அடர்த்தியை வரையறுத்தது. அடர்த்தியே இங்கு திறமையின் அளவுகோல்: குறைந்தால் இழை மறையாது, கூடினால் மெல்லிய சுவர் உடைந்து சுற்றிலும் இரத்தம் கசிந்து கறை படியும். நல்ல மருத்துவர் முதலில் இழைகளுக்கு இரத்தம் ஊட்டும் நீல வலைச்சிரையைக் கண்டறிந்து அதில் ஊசி போடுவார். ஊட்டுக்குழாய் அடைந்தால் இழைகள் பலவும் தாமாகவே மங்கும். மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கிச் செலுத்தும் முறை, 2000-இல் இத்தாலிய மருத்துவர் டெசாரி எளிமைப்படுத்தியது, பெரிய சிரைகளுக்கே பொருத்தமானது. மெல்லிய இழைகளுக்குத் திரவமே நல்லது.

ஓர் அமர்வு அரைமணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம். மயக்க மருந்து தேவையில்லை. முடிந்ததும் எழுந்து நடக்கலாம், நடக்கவும் வேண்டும். ஆனால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்பது உண்மையல்ல. இழைகள் மங்குவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகும்; வலைச்சிரைகளுக்கு மூன்று நான்கு மாதங்கள்கூட ஆகலாம். பெரும்பாலோருக்கு நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு முதல் நான்கு அமர்வுகள் தேவைப்படுகின்றன. முதல் இரண்டு வாரங்களில் கால் முன்பைவிட அசிங்கமாகத் தெரியும். கன்றிய நீலமும் அரிப்பும், பூச்சி கடித்தது போன்ற தடிப்பும் வரும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம்தான் நோயாளிகள் கோபித்துக்கொள்கிறார்கள்; குற்றம் சிகிச்சையுடையது அல்ல.

நம் ஊர்த் தோலுக்கு வருவோம். மேலைநாட்டு விளக்கக் கையேடுகள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. ஊசிக்குப் பின் சிரையிலிருந்து கசியும் இரத்தத்தின் இரும்புச் சத்து தோலில் தங்கிப் பழுப்புக் கோடாகத் தெரியும். நூற்றுக்கு 10 முதல் 30 பேர் வரை இது ஏற்படுவதாகக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மறையும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும், அழற்சி ஏற்பட்ட இடத்தில் மெலனின் கூடுதலாகச் சுரப்பதால், இந்தக் கறை மேலும் அழுத்தமாகவும் நீடித்தும் இருக்கலாம். மெல்லிய ஊதா இழையைப் போக்க வந்து, ஓராண்டு பழுப்புக் கோட்டோடு இருப்பது எல்லோருக்கும் ஏற்ற பேரம் அல்ல. இதைக் குறைக்க வழிகள் உண்டு: குறைந்த அடர்த்தியில் தொடங்குவது, மெதுவாகச் செலுத்துவது, இரண்டாவது வாரத்தில் வந்து, சிரைக்குள் உறைந்து நிற்கும் கருப்பு இரத்தத்தைச் சிறு ஊசியால் குத்தி வெளியேற்றுவது. கடைசியாகச் சொன்னதை நோயாளிகள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

வேறு பக்க விளைவுகளில் ஒன்று, ஊசி போட்ட இடத்தைச் சுற்றி முன்னைவிட மெல்லிய சிவப்பு இழைகள் புதிதாகப் பூப்பது. பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கும். மருந்து சிரைக்கு வெளியே கசிந்தாலோ நுண்தமனியில் புகுந்தாலோ சிறு புண் வரலாம். ஒவ்வாமையும் ஆழ்சிரை இரத்தக்கட்டியும் அரிது, ஆனால் இல்லாதவை அல்ல. அதனால்தான் அவசர மருந்துகள் தயாராக உள்ள இடத்தில் இதைச் செய்ய வேண்டும். அழகு நிலையங்களில் செய்யக் கூடாது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

தோலுக்கு வெளியிலிருந்து பாய்ச்சும் லேசரின் அடிப்படையை அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983-இல் விளக்கினார்கள். ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை இரத்தத்தின் சிவப்பு நிறமி உறிஞ்சிச் சூடாகும். சுற்றியுள்ள திசு சூடாவதற்குள் ஒளித்துடிப்பு முடிந்துவிட்டால் குழாய் மட்டும் வெந்து மூடும். முகத்திலுள்ள இழைகளுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. கால் இழைகள் முகத்தினும் ஆழத்தில், தடித்த சுவரோடும் அதிக அழுத்தத்தோடும் இருப்பதால் அங்கே பலன் குறைகிறது. கருந்தோலில் இன்னொரு தடையும் உண்டு: மேல்தோலின் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சுகிறது. 532 நானோமீட்டர் பச்சை லேசரும், பல அலைநீளங்களைக் கலந்து பாய்ச்சும் ஐபிஎல் கருவியும் நம் தோலில் கொப்புளமும் வெண்தழும்பும் உண்டாக்கும் அபாயம் அதிகம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது. அது ஆழமாகவும் ஊடுருவுகிறது. ஆகவே மாநிறத்தினருக்கு லேசர் என்றால் இதையே, தோலைக் குளிரவைத்தபடி, முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துச் செய்ய வேண்டும். வலி ஊசியைவிடக் கூடுதல். ஊசி நுழைய முடியாத அளவு மெல்லிய சிவப்பு இழைகள், ஊசிக்குப் பின் பூத்த புதிய இழைகள், ஊசிக்கே பயப்படுபவர்கள், மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்கு லேசர் தக்க மாற்று. மற்றபடி காலுக்கு முதல் தேர்வு ஊசிதான் என்பதே பொதுவான மருத்துவக் கருத்து.

இரு மாநிலத்துக்கும் பொதுவான எண்ணெய் வைத்தியத்தையும் சேர்த்துப் பேசாமல் இருக்க முடியாது. கேரள ஆயுர்வேதத்தில் வெரிகோஸுக்கு ஸஹசராதி தைலம் தடவுவதும், அட்டை விடுவதும் வழக்கம். எல்லையின் இரு பக்கத்து வைத்தியசாலைகளிலும் இவை கிடைக்கின்றன. எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிட்டு, உயர்த்தி வைத்துப் படுத்தால் பாரம் குறைவது உண்மை. ஆனால் விரிந்துவிட்ட நுண்சிரையின் சுவர் தைலத்தாலோ களிம்பாலோ சுருங்கி மறைவதில்லை. அட்டை இரத்தத்தை உறிஞ்சும், குழாயை அப்படியே விட்டுச் செல்லும். அதன் குடலில் வாழும் பாக்டீரியா, சர்க்கரை நோயாளியின் காலில் தொற்றை உண்டாக்கக்கூடும். புடைத்த சிரையை அழுந்தத் தேய்ப்பது நல்லதல்ல.

அழுத்தக் காலுறையும் இருக்கும் இழையை நீக்காது. மாலைநேரப் பாரத்தைக் குறைக்கும், ஊசிக்குப் பின் கறையைக் குறைக்க உதவும். 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் கொண்ட காலுறையை ஊசிக்குப் பின் ஒன்று முதல் மூன்று வாரங்கள் பகலில் அணியச் சொல்வது வழக்கம். நம் வெயிலில் இது எளிதல்ல. மழைக்காலத்திலோ டிசம்பர், ஜனவரியிலோ சிகிச்சையை வைத்துக்கொள்வது நல்ல யோசனை. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ளவர்கள் காலுறை வாங்கும் முன், கணுக்காலுக்கும் கைக்குமான இரத்த அழுத்த விகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; காலின் தமனி அடைபட்டிருந்தால் இறுக்கமான காலுறை கேடு செய்யும்.

மருத்துவமனைக்கு வெளியே, கடைத்தெருவிலும் இதற்கொரு பகுதித் தீர்வு கிடைத்திருக்கிறது. கோழிக்கோட்டு விற்பனைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் தொடர்ச்சியாக, கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது; தமிழ்நாடு 2021-இல் அதே வழியில் திருத்தம் கொண்டுவந்தது. இருக்கை போட்டும் உட்காரவிடாத கடைகள் இருக்கலாம். உரிமை மட்டும் இரு பக்கமும் உண்டு. ஊசியால் நீக்கிய இழை பெரும்பாலும் திரும்புவதில்லை, ஆனால் புதியவை உருவாவதை எந்த ஊசியும் தடுப்பதில்லை. பத்து மணி நேரம் நிற்கும் வேலை அப்படியே தொடர்ந்தால், சில ஆண்டுகளில் மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டி வரலாம்.

செலவைப் பொறுத்தவரை, சிலந்திச் சிரைச் சிகிச்சை அழகுசார்ந்ததாகக் கருதப்படுவதால் மருத்துவக் காப்பீட்டில் வழக்கமாக வராது. சுருள்சிரைக்குக் காப்பீடு கிடைக்கும். பல பாலிசிகளில் அதற்கும் இரண்டு ஆண்டுக் காத்திருப்பு உண்டு. கர்ப்பிணிகளுக்கும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், அண்மையில் ஆழ்சிரை இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் ஊசி போடுவதில்லை. கர்ப்பகாலத்தில் தோன்றிய இழைகளில் பல, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தாமே மங்குவதால், ஆறு மாதமாவது பொறுத்துப் பார்ப்பதே சரி.

இப்பகுதியில் வளைகுடா நாடுகளிலிருந்து ஒரு மாத விடுப்பில் வரும் செவிலியர் பலருண்டு. எல்லாவற்றையும் அந்த ஒரு மாதத்துக்குள் முடித்துவிட அவர்கள் விரும்புவது இயல்பு. அமர்வுகளுக்கு இடையிலான இடைவெளியே அதற்கு இடம் தராது. தவிர, ஊசி போட்ட முதல் வாரங்களில் நெடுநேர விமானப் பயணம் இரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பதால் அதைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். விடுப்பின் முதல் வாரத்திலேயே டாப்ளர் பார்த்து முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து உறைந்த இரத்தத்தை எடுக்கத் திரும்பவும் போய், மீதமுள்ள அமர்வுகளை அடுத்த விடுப்புக்கு வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். விடுப்பின் கடைசி வாரத்தில்தான் நேரம் கிடைக்கிறது என்றால், ஸ்கேனை மட்டும் எடுத்துக்கொண்டு, அறிக்கையுடன் ஊசி போடாமலேயே விமானம் ஏறலாம்.